முக்காலி

பென்சிலால் வைத்த புள்ளி வைத்த இடத்தில்தான் இருந்தது. ட்றில்லின் ஊசிமுனைதான் அதைத் தேடி அலைந்தது. புள்ளிக்கு இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது, நடுவில் ஒரு கணம் சரியாக அதன்மேல் நின்றது, குகதாசன் விசையை அழுத்துவதற்குள் மறுபடி நகர்ந்துவிட்டது. அவர் ட்றில்லைப் பட்டறை மேசையில் வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்துப் பார்த்தார். பிடித்தால் நிற்கிறது, விட்டால் மறுபடி ஆடுகிறது. செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமைப் பின்னேரம். நோர்வேயின் வடகோடி வெயில் நிலவறையின் சின்னச் சன்னலால் சாய்ந்து விழுந்து, வைஸ் இடுக்கியில் கவிழ்த்துப் பூட்டியிருந்த வால்நட் மரத்தின்மேல் தேன் நிறமாகப் படிந்து கிடந்தது. வேட்டைத் துவக்கின் மரம் அது. குழலையும் மற்ற இரும்புகளையும் கழற்றிப் பழைய துவாய் ஒன்றில் படுக்க வைத்திருந்தார். இரும்பு போனதும் அது துவக்காகவே இல்லை, யாரோ கரையில் விட்டுப்போன துடுப்பு மாதிரி இருந்தது. அதன் முன்பகுதியின் அடியில் ஒரு சாண் நீளமான அலுமினியத் தண்டவாளம் ஒன்றைப் பொருத்த வேண்டும். தண்டவாளம் என்றால் ரயில் ஓடுகிற சங்கதியல்ல, இரண்டு ஓரமும் உள்வாங்கிய ஒரு தட்டைப் பட்டை. துவக்கைத் தாங்குவதற்கென்று வாங்கிய மூன்றுகால் தாங்கியான முக்காலியின் தலையில் இருக்கிற கவ்வி அந்த ஓரங்களைக் கடித்துக்கொள்ளும். அதன்பிறகு துவக்கின் பாரத்தை முக்காலி பார்த்துக்கொள்ளும், மனிதன் ஒரு விரலைக் கொடுத்தால் போதும். அதற்கு இரண்டு திருகாணி, இரண்டு துளை. முதல் துளையைக் காலையிலேயே ஒருவாறு போட்டாயிற்று, அது இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குகதாசனும் மரத்தில் முடிச்சு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மரத்தில் முடிச்சு எதுவும் இல்லை.

துவக்கு என்ற சொல்லை அவர் நாக்கில் உருட்டிப் பார்த்தார். ஊரில் துப்பாக்கிக்கு அதுதான் பெயர். ஆரம்பி என்றாலும் அதே துவக்கு. சின்ன வயதில் அப்பா, விளக்கேற்றியதும் படிப்பைத் துவக்கு என்று சொல்லும்போது, புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு குழல் எட்டிப் பார்ப்பதாகக் குகதாசனுக்குத் தோன்றும். முக்காலியும் அப்படித்தான். ஊரில் முக்காலி என்பது குந்தியிருக்கிற சாமான். இதோ இந்த நிலவறையிலும் ஒன்று கிடக்கிறது, பைன் மரத்தில் அவரே செய்தது. ஒன்றிலிருந்து கால் போனால் முக்கால். கால்கள் மூன்று சேர்ந்தால் முக்காலி. ஒன்று குறைந்ததற்கும் ஒன்று தாங்குவதற்கும் தமிழில் ஏறக்குறைய ஒரே சொல்தான் இருக்கிறது என்பதை ஐம்பத்தெட்டு வயதில், இந்தக் குளிர்ந்த ஊரில், மீன் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டே தேய்ந்த பிறகு கண்டுபிடித்து என்ன பயன்? முக்காலி வாங்கு என்று சொன்னவர் ஒட்வார். வேட்டைக் குழுவின் தலைவர், எழுபதைத் தாண்டியும் பனிச்சறுக்கு ஓடுகிற மனிதர். ஜூன் மாதம் படகுத்துறையில் நின்றுகொண்டு, "குகா, இப்போதெல்லாம் எல்லோரும் மூன்று காலில்தான் சுடுகிறார்கள், நீயும் ஒன்று வாங்கேன்" என்றார். சொல்லும்போது அவர் குகதாசனைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என்றால் யார்? குழுவில் ஏழு பேர். மற்ற ஆறு பேரிடமும் முக்காலி இல்லை. இதைக் குகதாசன் அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது யோசனை வந்தது, வந்த வேகத்திலேயே போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மேலே தயாபரி நடந்தாள். இந்த வீட்டில் நிலவறையின் கூரை என்பது குசினியின் தரை. முப்பது வருடக் கலியாணத்தில் மனைவியின் முகத்தைவிட அவளுடைய காலடியை அவர் நன்றாகப் படித்திருந்தார். இது அலுமாரிப் பக்கம். இது தண்ணீர்க் குழாய்ப் பக்கம். இனிக் கேத்தல் கொதிக்கும். மூன்று மணிக்குத் தேத்தண்ணி வரும், முக்கால் கோப்பை வரும். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு மெல்லிய எரிச்சல் ஏறியது. கொஞ்சக் காலமாகவே இப்படித்தான். முன்பெல்லாம் தயாபரி ஊற்றுகிற தேத்தண்ணி கோப்பையின் விளிம்பைத் தொட்டு நிற்கும், முதல் மிடறைக் குனிந்துதான் உறிஞ்ச வேண்டும். வீட்டுக்கு வருகிறவனுக்குக் குறைகோப்பை கொடுப்பது எழும்பிப் போ என்று சொல்வதற்குச் சமம் என்று நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள். அவளா இப்படி ஊற்றுகிறாள்? ஒருவேளை மறதியாக இருக்குமோ? அவளுக்கும் ஐம்பத்து மூன்றாகிறது. அவளுடைய பெரியம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. முதலில் உப்பை மறந்தார், பிறகு பிள்ளைகளின் பெயரை மறந்தார். இல்லை, இது கோபமாகவும் இருக்கலாம். துவக்கை வித்துத் தொலையுங்கோ என்று போன வருடம் ஒருமுறை சொன்னாள். அவர் கேட்கவில்லை. நீங்கள் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாயால் சண்டை போட்டு அலுத்தவள் கோப்பையால் சண்டை போடுகிறாளோ என்னவோ. கேட்டுவிடலாம்தான். ஆனால் தேத்தண்ணி குறைகிறது என்று பெண்சாதியிடம் முறைப்பாடு வைக்கிற ஆம்பிளையாகத் தன்னை நினைத்துப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதனால் மாதக்கணக்காக முக்காலை விழுங்கிக்கொண்டிருந்தார்.

முயலுக்கு மூன்று கால் என்று அவள் சொன்னது வேட்டை முடிந்து வந்த கிழமையில். அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கிழமை உண்மையாகவே ஒரு மிருகம் மூன்று காலில் ஓடியது. பிர்ச் மரங்களெல்லாம் மஞ்சளாகி, காற்றே இல்லாமல், இலைகள் தாமாகவே யோசித்து யோசித்து விழுந்துகொண்டிருந்த காலை. குகதாசன் தன்னுடைய கல்லில் இருந்தார். ஒவ்வொருவருக்கும் காட்டில் ஒரு நிலை உண்டு. அவருடையது சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பாசி படர்ந்த ஒரு பெரிய கல். அந்தக் கல்லை வரைபடத்தில் காட்டி, இனி இது குகாவின் கல் என்று ஒட்வார் பதினொரு வருடங்களுக்கு முன் சொன்னபோது, குடியுரிமைக் கடிதம் வந்த நாளில்கூட வராத ஒரு கலக்கம் அவருக்கு வந்தது. அதுவரை அந்த ஊரில் அவர் மீன் தொழிற்சாலைத் தமிழன். கல் கிடைத்த பிறகுதான் பெயர் கிடைத்தது. அதில் ஆறு மணித்தியாலம் இருக்கலாம். எங்கேயிருந்து வந்தாய், எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று எதுவும் அவரை அங்கே கேட்காது. அந்தக் காலையில் எல்க் என்கிற பெரிய காட்டுமான் மூடுபனிக்குள்ளிருந்து, யாரோ வீட்டுத் தளபாடத்தை மெதுவாக வெளியே தள்ளியது போல, கொம்பும் தோளுமாக வந்து நின்றது. எழுபது மீற்றர் இருக்கும், கண் தெரியாதவனும் அடிக்கிற தூரம். அவர் சுட்டார். வெடி தாழ்ந்து முன்காலில் பட்டது. மிருகம் விழுந்து எழும்பி, மூன்று காலில் சதுப்பைத் தாண்டிப் போனது. நாயை விட்டுத் தேடினார்கள், ஐந்து மணித்தியாலம். இரத்தம் பாசியில் ஒரு சொட்டு, பத்தடி தள்ளி இன்னொரு சொட்டு. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. நோர்வேக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறபோது அது எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தார். கடைசியில் ஒட்வார்தான் அதை முடித்துவைத்தார். அது கிடந்து பார்த்த பார்வை குகதாசனுடைய கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. காற்று அடித்தது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்கு ஒவ்வோர் இலையும் நேராகத்தான் விழுந்தது.

மறுபடி ட்றில்லை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். புள்ளி, ஊசிமுனை, புள்ளி. மூச்சைப் பிடித்தால் இன்னும் கூடுகிறது. நடுங்காதே என்று கைக்குச் சொன்னார். அப்படிச் சொல்லித்தான் அந்தக் கை ஒருகாலத்தில் பிழைத்தது. அந்த நினைப்பு வருகிறது என்று தெரிந்தது, தடுக்கப் பார்த்தார், அதற்குள் வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றுவிட்டது. குகதாசனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். வெயில். தார் உருகி பாட்டாச் செருப்பில் ஒட்டியது. பக்கத்தில் தவக்குமார், ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், கொழும்புக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுப்பதும் ஒன்றாகவே. கிளிநொச்சியில் மாமாவின் வயலில் இரண்டு மாதம் நின்றதில் அவனுக்கு மலேரியா, ஊர்ப் பேச்சில் குலைப்பன் காய்ச்சல், பிடித்திருந்தது. நாலாம் நாள். காலையில் ஏறும்போதே பஸ் இருக்கை அவனோடு சேர்ந்து அதிர்ந்தது. அடையாள அட்டையை நீட்டச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஆமிக்காரன் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பான். நடுங்குகிற கை பொய் சொல்கிற கை. குகதாசனின் கை கல்லாக நின்றது. தவக்குமாரின் கையில் அட்டை படபடவென்று அடித்தது. தள்ளி நில் என்று அவனுக்குச் சைகை காட்டினார்கள். ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் குகதாசனிடம் இருந்தது. அப்பா அநுராதபுரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில், குவாட்டஸ் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளிடம் படித்த சொல். உண. காய்ச்சல். இரண்டே எழுத்து. அதை நாக்கின் நுனி வரை கொண்டுவந்தார். சொன்னால் உனக்கு எப்படிச் சிங்களம் தெரியும் என்பார்கள், நீயும் அவனோடு வந்தவனா என்பார்கள், நீயும் தள்ளி நில் என்பார்கள். அவர் அட்டையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். சன்னலால் பார்க்கவில்லை. தவக்குமார் அதன்பிறகு எங்குமே வந்துசேரவில்லை. அவனுடைய தாய் எழுதிய கடிதங்களுக்கெல்லாம், வரிசையில் நாங்கள் தூரத் தூரமாக நின்றோம் என்றுதான் குகதாசன் பதில் எழுதினார். இதைத் தயாபரிக்கும் அவர் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்தது, தவக்குமார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதன், காணாமல் போனவன், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கல்லுக் கைதான் ஆடுகிறது. தவக்குமாரின் நடுக்கம் முப்பத்தொன்பது வருடம் நடந்து நடந்து, கடலும் பனியும் தாண்டி, விலாசம் விசாரித்துக்கொண்டு தன்னிடம் வந்துவிட்டது என்று மத்தியான அரைத்தூக்கத்தில் சிலவேளை தோன்றும். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவர் ஒரு பெயர் சொல்லி, இதுவாகவும் இருக்கலாம், பயப்படத் தேவையில்லாத இன்னொன்றாகவும் இருக்கலாம், ட்றொம்சோ நகரத்து ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியரைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அங்கிருந்து வந்த கடிதம் இதோ இந்த இழுப்பறையில், ட்றில் ஊசிகளின் பெட்டிக்குக் கீழே கிடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை, பத்தரை மணி. போக வேண்டாம் என்று தீர்மானித்திருந்தார். திங்கட்கிழமை வேட்டை துவங்குகிறது. கை நடுங்குகிறது என்று வைத்தியர் எழுதினால் அது பொலிசுக்குப் போகும், பொலிஸ் துவக்கை எடுக்கும், துவக்குப் போனால் கல் போகும். கல் போனால் அவர் பழையபடி தள்ளி நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்தில் நிற்பார். முக்காலியில் துவக்கு அசையாது நின்றால், அதைப் பிடித்திருக்கிற மனிதனும் அசையாமல்தான் நிற்கிறான் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். தயாபரிக்குத் தெரியாது. ஒட்வாருக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்ட பூனைக்கு இருக்கிற நிம்மதி அவருக்கும் இருந்தது.

படியில் காலடி கேட்டது. தயாபரி கோப்பையோடு இறங்கி வந்து, அதைப் பட்டறை மேசையின் இடப்பக்கம் வைத்தாள். கையில் தரவில்லை. இப்போதெல்லாம் அவள் கையில் தருவதில்லை என்பதை அவர் அந்த நேரத்தில்தான் கவனித்தார்.

"இன்னும் முடியேல்லையே?"

"ஒரு ஓட்டை கிடக்கு."

கோப்பையைப் பார்த்தார். முக்கால். அளந்து ஊற்றியது போல அதே முக்கால். இனி விழுங்கியது போதும் என்று தோன்றியது.

"இஞ்சரும், ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"ஏன் இப்ப எந்தநாளும் தேத்தண்ணி முக்கால் கோப்பை? மாசக்கணக்காப் பாக்கிறன். என்னில ஏதும் கோவமோ?"

தயாபரி துவாயில் படுத்துக் கிடந்த இரும்புகளைப் பார்த்தாள். பிறகு, வேறு யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னாள்.

"நிரப்பி ஊத்தினால் சிந்துது."

"ஆருக்குச் சிந்துது?"

"உங்களுக்கு."

சன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்தது. அது கீழே விழ அவசரப்படவில்லை.

"வருசப்பிறப்பண்டு பாத்தன்" என்றாள். "புது வெள்ளைச் சேட்டில சிந்திப்போட்டு, பாத்றூமுக்குள்ள போய்க் கழுவிக்கொண்டு வந்து ஒண்டும் நடக்காத மாதிரி இருந்தியள். அண்டையில இருந்து குறைச்சு ஊத்திறன். முக்காலெண்டால் சிந்தாது. அளந்து பாத்தனான்."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால் இல்லையெண்டுவியள். இல்லையெண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டியளெண்டால் பிறகு சாகுமட்டும் இல்லைதானே. நீங்களாச் சொல்லட்டும் எண்டு விட்டனான்."

வருடப்பிறப்பிலிருந்து இன்றுவரை எத்தனை கோப்பை என்று குகதாசனின் மனம் எண்ணத் துவங்கி, பாதியில் நின்றுவிட்டது. காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, இரவுச் செய்தியோடு ஒன்று. ஒவ்வொரு கோப்பையிலும் விளிம்புக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே அவள் இவருக்காக ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறாள். அவர் அதற்கு மறதி என்று பெயர் வைத்தார், கோபம் என்று பெயர் வைத்தார். வெட்கத்தில் காது சுட்டது. அதைவிடப் பெரிதாக ஒரு நன்றி வந்தது.

"நடுங்குது" என்றார்.

"ஓம்."

"போன வேட்டையில காத்து அடிக்கேல்லை."

"ஓம்." அவள் இழுப்பறையைக் கண்ணால் காட்டினாள். "கடிதமும் பாத்தனான். படம் கொழுவ ஊசி எடுக்க வந்த இடத்தில கண்டது. வெள்ளிக்கிழமைக்கு நானும் லீவு சொல்லிப்போட்டன். ஒட்வாருக்கும் நீங்களே சொல்லிப்போடுங்கோ."

"ஒட்வாருக்கு ஒண்டும் தெரியாது."

"இந்த முக்காலி ஆர் சொல்லி வாங்கினது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர், சோற்றுக்கோப்பை வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒட்வார் அன்று ஏன் கடலைப் பார்த்தார் என்பது இப்போது விளங்கியது.

"சுடேலாமல் போனால்?" என்று கேட்டார். குரல் சின்னப்பிள்ளையினது போல வந்தது.

"போனால் என்ன? கல்லில சும்மா இருந்துபோட்டு வாங்கோ. நீங்கள் அங்க போறதே இருக்கிறதுக்குத்தானே." தயாபரி சட்டைக் கையை முழங்கை வரை மடித்தாள். "எங்க போடவேணும்?"

அவர் பென்சில் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். தொழிற்சாலையின் மேல்தளத்தில் இருபத்திரண்டு வருடமாக, மீன் துண்டுகளிலிருந்து மயிர் போன்ற முள்ளைக் குறட்டால் பிடுங்குகிற கை அவளுடையது. ஊசிமுனை போய்ப் புள்ளியில் அமர்ந்தது, அமர்ந்தபடியே இருந்தது. நேராப் பிடியும், அமத்தாதையும், மரம் தானா வழிவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கேட்டாளோ இல்லையோ, ட்றில் இரைந்தது, மண்ணிறத் தூள் சுருள் சுருளாக வெளியே வந்தது, வால்நட் மரத்தின் வாசனை எழும்பியது. துளை நேராக இறங்கியது. தண்டவாளத்தை வைத்துப் பார்த்தார்கள். அவர் போட்ட துளையின் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தது, அவள் போட்ட துளை இழுத்துப் பிடித்தது. இரண்டு திருகாணியையும் முறுக்கியதும் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டது.

"காணுமே, இன்னும் முறுக்கவேணுமே?" என்றாள்.

"காணும்."

அவள் ட்றில்லை வைத்துவிட்டுப் படிப்பக்கம் திரும்பினாள். குகதாசன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். எடுத்தவர் குடிக்காமல் நின்றார்.

"உண" என்றார்.

"என்னப்பா?"

"சிங்களத்தில. காய்ச்சலுக்கு உண எண்டு சொல்லுறது."

தயாபரி திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை. "இப்ப ஆருக்குக் காய்ச்சல்?"

அவர் கோப்பையை வைத்தார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து, அதன்மேல் இருந்த தூளைக் கையால் தட்டிவிட்டு, அவள் இருக்கட்டும் என்று முன்னால் வைத்தார். அவள் இருந்தாள்.

"தவக்குமாருக்கு" என்று துவக்கினார்.